குறைந்தது பத்து

பிப்ரவரி 9

தம்பிக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானத்துக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. காரியம் ஆகவேண்டியிருக்கிறது, அதற்குத்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் உனக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம்.

இங்கே நான் நர்ஸ் இல்லை. முதியோர் இல்லத்தில் துணையாள். குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், விரிப்பு மாற்றுவேன். ஊசியைத் தொடக்கூடாது, மாத்திரை டப்பாவைத் திறக்கக்கூடாது. பதினான்கு வருஷம் வார்டில் நின்றவள், இருபத்திரண்டு வயதுப் பெண் மருந்து கொடுக்கும்போது பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு நிற்கிறேன். நர்ஸாகப் பதிவு செய்ய வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வில் தேறவேண்டும். பேச, கேட்க, வாசிக்க மூன்றிலும் தேறியாகிவிட்டது. எழுதுவதில் ஒன்பதுக்கு ஏழு மதிப்பெண் கேட்கிறார்கள். நான்கு முறை எழுதினேன். ஆறு, ஆறரை, மறுபடியும் ஆறு, மறுபடியும் ஆறரை. கட்டுரை ஒருமாதிரி வந்துவிடுகிறது. வரைபடத்தைக் கொடுத்து, இருபது நிமிஷத்தில் நூற்றைம்பது வார்த்தையில் விவரி என்கிறார்களே, அங்கேதான் விழுகிறேன்.

உன் பிழைப்பே அதுதான். ஊர் ஊராகக் கணக்கெடுத்து, பட்டை பட்டையாகப் படம் போட்டு, அடியில் ஆங்கிலத்தில் பத்தி எழுதுகிறாய். இங்கே வகுப்பு எடுப்பவர், "இன்னும் பிராக்டிஸ் பண்ணுங்க" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார். வேறு யாரையும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்கமாட்டேன்.

மே 18இல் ஐந்தாவது முறை. ஆகஸ்ட் 31இல் விசா முடிகிறது. அதற்குள் பதிவு கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். திரும்பி வந்து என்ன செய்வது? அங்கே எந்த மருத்துவமனையும் என்னை வாசலில் சேர்க்காது. அதற்கு ஏற்பாடு செய்தவன் நீ.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் வைத்துவிடுவேன். தேர்வும் கையால்தான் எழுதுகிறேன், அதனால் தாளிலேயே திருத்தி அனுப்பு. ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். நான்கு நகரங்களில் மக்கள் வேலைக்கு எதில் போகிறார்கள் என்ற படம்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

கடிதம் வந்தது. மூன்று நாள் அலுவலக இழுப்பறையில் கிடந்தது. பதில் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன், அதை மறைப்பானேன். எழுதுகிறேன். ஆனால் பழைய விஷயத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. நீயும் எழுதாதே.

உன் ஆங்கிலம் மோசமில்லை. சரியாகச் சொன்னால், உன் சிக்கல் ஆங்கிலத்திலேயே இல்லை. படத்தில் இருபத்துநான்கு எண்கள் இருக்கின்றன. நீ இருபத்துநான்கையும் எழுதியிருக்கிறாய். மளிகைக் கடைச் சீட்டுக்கு அது சரி. இங்கே கேட்பது, படத்தைப் பார்த்தவன் பார்க்காதவனுக்கு என்ன சொல்வான் என்று. எது பெரியது, எது மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது, எது எதோடு சேரும். அந்த ஏழெட்டு எண்களை எடு, மற்றதை விடு. இரண்டு வரியில் மொத்தப் போக்கைச் சொல்கிற ஓவர்வியூ உன் தாளில் இல்லவே இல்லை. அது இல்லாமல் யாரும் ஏழு போடமாட்டார்கள்.

அடுத்தது, சைக்கிளில் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டு, "மக்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டதால்" என்று சேர்த்திருக்கிறாய். யார் சொன்னது? படத்தில் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது. காரணம் கற்பிக்காதே.

இன்னொன்றை நாலு இடத்தில் வட்டம் போட்டிருக்கிறேன். 'பை' என்றால் எவ்வளவு கூடியது, 'டு' என்றால் கூடிக் கடைசியில் எவ்வளவாக ஆனது. முப்பது இருந்தது ஐம்பதாகக் கூடினால் 'டு ஃபிஃப்டி'. கூடியது இருபது, எனவே 'பை ட்வெண்டி'. நம் மொழியில் அந்த 'ஆக'தான் 'டு'. அதை விட்டால் எண் மாறிவிடும். நீ கண்டபடி மாற்றிப் போட்டிருக்கிறாய்.

அடுத்ததை அனுப்பு.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

உன் சிவப்புப் பேனாவில் மை தீரவே தீராதா. தாளைப் பிரித்ததும் அடிபட்ட ஆளைப் பார்த்தமாதிரி பஞ்சைத் தேடினேன்.

நீ சொன்னதெல்லாம் புரிந்தது. புரிந்தும் கை கேட்கமாட்டேன் என்கிறது. எண்ணை விடு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். வார்டில் ஒரு எண்ணை விட்டால் ஒரு ஆள் போவான். இரண்டு மணிக்கு என்ன, நாலு மணிக்கு என்ன, எல்லாம் ஏறவேண்டும். எது முக்கியம் என்று தீர்மானிக்க நான் யார்? காரணமும் அப்படித்தான். காய்ச்சல் ஏறியிருந்தால் ஏன் ஏறியது என்று பார்க்காமல் போகிறவள் நர்ஸா?

நேற்று இடைவேளையில், மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு படம் எழுதினேன். செய்தித்தாள் வாங்குகிறவர்கள் இருபது வருஷத்தில் நூற்றுக்கு எழுபதிலிருந்து பதினொன்றுக்கு வந்துவிட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது என்றால் நம் ஊரில் விஷயம் முடிந்தது. இவர்களுக்கு அதையே நூற்றைம்பது வார்த்தையில் சொல்லவேண்டும். நூற்று அறுபத்திரண்டு வந்தது, இருபத்தாறு நிமிஷம் ஆனது. இத்துடன் இருக்கிறது.

நான் இருக்கும் அறை துணி வெளுக்கிற கடைக்கு மேலே. நாள் முழுக்கத் தரை அதிர்கிறது, மேஜையில் வைத்த பேனா உருண்டு விழுகிறது. அதைப் புகாராகச் சொல்லவில்லை. இப்படித்தான் இருக்கிறேன் என்று யாருக்காவது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

எழுதாதே என்றாய். இருந்தாலும் எழுதுகிறேன். நான் எழுதிவைத்த ஒரு எண்ணை ஒருவன் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால், நாற்பத்தொரு வயதில் நான் இங்கே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கமாட்டேன். அப்பாவும் இருந்திருப்பார்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் எழுதிவிட்டாய். சரி, நானும் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ சாயங்கால டூட்டிக்குப் போய்விட்டாய். டாக்டர் அப்பாவின் இன்சுலின் அளவை மாற்றியதற்கு ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாய். என்னிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட்டாய். சீட்டை ஒரு முறை இல்லை, இரண்டு முறை படித்தேன். அதில் இருந்தபடி ஊசி போட்டேன். காலையில் அப்பா எழவில்லை. சர்க்கரை அடியோடு இறங்கி நினைவு தப்பிவிட்டது. ஒன்பது நாள்தான் இருந்தார்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவு வாசலில் அந்தச் சீட்டை என் முகத்துக்கு நேரே பிடித்து, "படிச்சுப் பாரு, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாரு" என்று கத்தினாய். அங்கே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அதையேதான் சொன்னேன். "நீ படிச்சுப் பாரு, நீ எழுதினதுதானே" என்றேன். பத்து தடவையாவது அந்தக் காகிதம் உன் கைக்கும் என் கைக்கும் மாறியிருக்கும். அதற்கப்புறம் நாம் பேசவில்லை.

நீ வேலை பார்த்த மருத்துவமனைக்கே நான் புகார் கொடுத்தேன். அளவைச் சரியாக எழுதவில்லை என்று கொடுத்தேன். விசாரணைக்கு இருந்து பதில் சொல்லாமல் நீயே வேலையை விட்டுப் போனாய். போனது நீ.

செய்தித்தாள் படம் முன்னைவிடத் தேவலை. பத்து எண்களை விட்டிருக்கிறாய், யாரும் செத்துப்போகவில்லை. 'பை', 'டு' இன்னும் சரியில்லை. எங்கள் கணக்கெடுப்புப் படிவங்களிலிருந்து பன்னிரண்டு வாக்கியங்கள் தமிழில் எடுத்து எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பு. அகராதி பார்க்காதே.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

போனது நான்தான். ஆனால் யார் போகவைத்தது? சீட்டில் பத்து என்று இருந்தது. நீ போட்டது பதினாறு. அப்பாவின் சிறுநீரகம் இனித் தாங்காது என்று டாக்டர் நிறுத்திய பழைய அளவு. மறதியில் போட்டுவிட்டுச் சீட்டின்மேல் பழியைப் போட்டாய். பத்தைப் பத்து என்று எழுதுவதில் என்ன சரியில்லை? "எழுதினபடிதான் போட்டேன்" என்று அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொன்னாயே, அதைத்தான் என்னால் மன்னிக்கமுடியவில்லை. தப்பு எல்லாருக்கும் வரும். சாதிக்கிறது எல்லாருக்கும் வராது.

போகட்டும். இன்றைக்கு எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நாலாம் அறையில் ஒரு பெரியவர், கப்பலில் சமையல்காரராக இருந்தவர். காலையில் சட்டை மாற்றப் போனேன், உடம்பு ஈரமாக இருந்தது. பேச்சு குழறியது, கை நடுங்கியது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சர்க்கரை இறங்குகிறது. அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டேன். வேறு மாடியில் இருந்தாள், வரப் பதினொரு நிமிஷம் ஆனது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்பது சட்டம். நான் நிற்கவில்லை. சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றினேன். அவர் தெளிந்து எழுந்து என்னைத் திட்டினார், தண்ணீர் ரொம்பத் தித்திப்பாம். சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். "உங்களுக்குத் தெரியுங்கிறது எங்களுக்கும் தெரியும். ஆனா நீங்க இங்க நர்ஸ் இல்லை" என்றார். நல்ல மனுஷர்தான். அதனால்தான் இன்னும் வலித்தது.

அறைக்கு வந்து அழுதேன். கீழே மெஷின் ஓடுகிறபோது அழுதால் வெளியே கேட்காது. இதிலும் தோற்றால் நான் யார் என்று எனக்கே தெரியாது, தம்பி. எனக்கு வேறு வேலை தெரியாது. வேறு எதுவாகவும் நான் இருந்ததில்லை.

பன்னிரண்டு வாக்கியங்களும் எழுதிவிட்டேன். ஏழாவது சுலபமாக இருந்தது, மற்றதெல்லாம் இழுத்தது.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

இதை நாலாவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்று தாள்களையும் கிழித்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் அலுவலகத்தில் உன் வாக்கியங்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஆறு வரைக்கும் வந்தேன். ஏழாவது, வீடுகளில் கேட்கிற படிவத்திலிருந்து நான் எடுத்துக் கொடுத்தது. "வாரத்தில் வாசிக்கும் நேரம் குறைந்தது 3 மணி." நீ ஆங்கிலத்தில், வாசிக்கும் நேரம் மூன்று மணியாகக் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நான் சிரித்துக்கொண்டே அடித்தேன். வெளிநாடு போனதும் இவளுக்குத் தமிழே மறந்துபோச்சு என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் 'அட் லீஸ்ட்' என்று எழுதினேன். மூன்றுக்குக் குறையாமல் என்பதுதானே அர்த்தம். எட்டாவதுக்குப் போனேன். ஒன்பதாவதில் என் கை நின்றுவிட்டது.

பக்கத்து மேஜைக்காரர், "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் எழுந்து போய்ப் படிவக் கட்டுகள் அடுக்கியிருக்கிற அறையில் நின்றேன்.

உன் சீட்டின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. புகாரோடு கொடுத்ததின் நகல். உன் கையெழுத்தில் ஒரே வரி. "சாயங்கால ஊசி குறைந்தது 10."

நான் வாசித்தது, பத்துக்குக் குறையாமல் போடு என்று. சத்தியமாக அப்படித்தான் வாசித்தேன். மீட்டரில் முன்னூற்றுப் பன்னிரண்டு காட்டியது. குறைந்தபட்சம் பத்து என்று சொல்லியிருக்கிறாள், சர்க்கரை இவ்வளவு இருக்கிறதே, வழக்கமான பதினாறையே போடலாம், அது பத்துக்கு மேல்தானே என்று நினைத்தேன். நான் மறக்கவில்லை அக்கா. யோசித்துத்தான் போட்டேன். மேலே எவ்வளவு வரை போகலாம் என்று எழுதாமல் விட்டுவிட்டாளே என்றுதான் உன்மேல் கோபப்பட்டேன், அதனால்தான் புகாரில் அப்படி எழுதினேன்.

நீ என்ன அர்த்தத்தில் எழுதினாய்? எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இருந்தாலும் நீ சொல்.

தம்பி


மே 4

தம்பிக்கு,

பதினாறு இருந்தது பத்தாகக் குறைந்தது. அதுதான் அர்த்தம். வேறு அர்த்தம் இருக்கும் என்று இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

வார்டு நோட்டில் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். காய்ச்சல் குறைந்தது 99. பிரஷர் குறைந்தது 110. அடுத்த டூட்டிக்கு வருகிறவள் ஒரு பார்வையில் புரிந்துகொள்வாள். பதினான்கு வருஷம் எழுதிய கை, வீட்டுக்கு வந்தும் அப்படியே எழுதிவிட்டது. படிக்கப்போகிறவன் நர்ஸ் இல்லை என்று அந்தக் கைக்குத் தோன்றவில்லை. பத்தாக என்று எழுதியிருக்கவேண்டும். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அந்த 'டு'. அதை விட்டால் எண் மாறிவிடும் என்றாயே. மாறித்தான் போயிருக்கிறது.

ஐசியு வாசலில் நாம் இரண்டு பேரும் ஒரே காகிதத்தைக் காட்டி ஒரே வார்த்தையைக் கத்தியிருக்கிறோம். படிச்சுப் பாரு, படிச்சுப் பாரு. யாராவது ஒருத்தர் அதை வாய்விட்டுப் படித்து, அர்த்தத்தையும் சொல்லியிருந்தால் போதும்.

உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. இல்லாமல் இருப்பது எவ்வளவு கொடுமை என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன், வேலைக்குப் போனேன். இனி யார்மேல் கோபப்படுவது? அப்பாவைக் கொன்றது யாரும் இல்லையா? ஒரு வார்த்தையா?

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. எந்தப் படத்தை எடுத்தாலும் எங்கேயாவது ஒரு கோடு கீழே இறங்குகிறது. அதற்குமேல் என்னால் எழுதமுடியவில்லை.

அக்கா


மே 15

அக்கா,

இது தேர்வுக்கு முன்னால் உன் கைக்கு வராது என்று தெரியும். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

புகார் கொடுத்தபோது நீ தப்புச் செய்தாய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தப்பு உன்னுடையதாக இல்லாவிட்டால் என்னுடையதாகிவிடும், அது மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஊசி போட்டது என் கை. ஏதாவது ஒரு அலுவலகம் முத்திரை குத்தி, நீ இல்லை, அவள்தான் என்று சொன்னால் தூங்கலாம் என்று நினைத்தேன். தூங்கவில்லை. உன் பிழைப்பு போனதுதான் மிச்சம்.

இந்த இரண்டு வருஷத்தில் வீட்டில் யாருக்கும் நான் ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்ததில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தை அளக்க அவள் அம்மாவைத்தான் கூப்பிடுகிறேன். வேலையாக இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

புகாரைத் திரும்ப வாங்க மருத்துவமனைக்குப் போகிறேன். நீ எவ்வளவு வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, அதைச் செய்துவிடுகிறேன்.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

எழுத்துக்கு ஏழு.

முடிவு வந்த காகிதத்தை மூன்று பேரிடம் காட்டி வாசிக்கச் சொன்னேன். நான் வாசிப்பதில் எனக்கு இப்போதெல்லாம் நம்பிக்கை இல்லை. மூன்று பேரும் ஏழு என்றுதான் சொன்னார்கள். நாலாம் அறைப் பெரியவர், "இதுக்கா இத்தனை நாளா மூஞ்சிய தூக்கி வச்சிருந்தே?" என்றார்.

வந்தது ஒரு கணக்கெடுப்புப் படம்தான். வயதானவர்கள் யாரோடு வசிக்கிறார்கள் என்று ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கேட்டிருந்தார்கள். பிள்ளைகளோடு இருப்பவர்களின் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. பார்த்ததும் அப்பா முகம் வந்தது. இரண்டு நிமிஷம் பேனாவை எடுக்கவில்லை. பிறகு கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். பாதி எண்களை விட்டுவிட்டேன். கடைசி வரி எழுதும்போது இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

சந்தோஷமாக எழுதவேண்டிய கடிதம் இது. ஆனால் பதிவு அலுவலகத்திலிருந்து இன்னொரு தாளும் வந்திருக்கிறது. கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து நன்னடத்தைச் சான்று வேண்டுமாம். என்மேல் முடிக்கப்படாத புகார் எதுவும் இல்லை, இருந்ததும் நிரூபணமாகவில்லை என்று அவர்கள் எழுதித் தரவேண்டும். ஜூலை 31க்குள். அது இல்லாமல் இந்த ஏழு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நாக்குக்கூட வழிக்க முடியாது.

என் கையில் இருந்ததை நான் செய்துவிட்டேன். மிச்சம் உன் கையில் இருக்கிறது. இப்படி ஒருநாள் உனக்கு எழுதுவேன் என்று நான் நினைக்கவே இல்லை.

அக்கா


ஜூன் 17

அக்கா,

ஏழு என்று படித்ததும் அலுவலகம் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். சரியாகச் சொன்னால், முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன்.

இனி மற்றது. மருத்துவமனைக்கு இரண்டு முறை போய்வந்தேன். உன் பழைய மேட்ரன்தான் இன்னும் இருக்கிறார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு உசுரு போயிருக்கு. கொடுத்தேன், எடுத்துக்கிறேன்னா எப்படி? இப்ப என்ன நடந்துச்சுன்னு நினைக்கிறீங்களோ, அதை ஆதாரத்தோட எழுதிக் கொடுங்க. ஜூலை 20 விசாரணைக் குழு கூடுது, அவங்க பார்த்து முடிவு பண்ணுவாங்க" என்றார்.

ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். உன் சீட்டை நகலெடுத்துக்கொண்டு நாற்பது பேரிடம் காட்டினேன். பஸ் நிறுத்தத்தில், எங்கள் அலுவலகத்தில், மருந்துக் கடைகளில், இரண்டு மருத்துவமனை வாசலில். கதை எதுவும் சொல்லவில்லை. ஒரே கேள்வி. "இந்தச் சீட்டைப் பாத்தா நீங்க எவ்வளவு போடுவீங்க?" பத்துதான் என்று சொல்வார்களா, பத்தோ அதற்கு மேலோ என்று சொல்வார்களா என்று குறித்துக்கொண்டேன்.

பாதிக்குப் பாதி வரும் என்று மலைபோல நம்பியிருந்தேன். அப்படி வந்தால், தப்பு சொல்லில் இருக்கிறது, ஆளில் இல்லை என்று குழு முடித்துவிடும்.

முப்பத்துமூன்று பேர் பத்தோ அதற்கு மேலோ என்றார்கள். ஏழு பேர் பத்துதான் என்றார்கள். அந்த ஏழு பேரில் ஐந்து பேர் நர்ஸ்கள், இரண்டு பேர் மருந்துக் கடைக்காரர்கள்.

இதை அப்படியே கொடுத்தால் குழு என்ன சொல்லும் என்று உனக்கே தெரியும். குறிப்பு தெளிவாக இல்லை, பொறுப்பு எழுதியவருடையது. நான் கொடுத்த புகாரை நானே நிரூபித்தமாதிரி ஆகிவிடும். சான்று கிடைக்காது.

ஒரு வழி இருக்கிறது. இன்னும் இருபத்தாறு நர்ஸ்களிடம் கேட்டால், முப்பத்துமூன்றுக்கு முப்பத்துமூன்று ஆகிவிடும். பொய் எண் ஒன்றுகூட இருக்காது. ஆளைத் தேர்ந்தெடுத்தால் முடிவும் தானாக வந்துவிடும், எங்கள் தொழிலில் இது தெரியாதவன் கிடையாது. நான் இதுவரை செய்ததில்லை. உனக்காகச் செய்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது, ஒரே வாரத்தில் முடித்துவிடுவேன். படத்துக்கு அடியில் போடவேண்டிய பத்தியை மட்டும் நீ எழுதி அனுப்பு. குழுவில் ஒருவர் வெளிமாநிலத்துக்காரர், ஆங்கிலத்தில் வேண்டுமாம்.

தம்பி


ஜூன் 29

தம்பிக்கு,

பத்தி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நூற்று ஐம்பத்துநான்கு வார்த்தை, பதினெட்டு நிமிஷம். நாற்பது பேர் கணக்கை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். இருபத்தாறு பேரைத் தேடிப் போகவேண்டாம்.

சுருக்கமாகத் தமிழில் சொல்கிறேன். ஒரு வரி மருந்துக் குறிப்பை நாற்பது பேர் எப்படி வாசித்தார்கள் என்பதைப் படம் காட்டுகிறது. பெரும்பாலானோர், அதாவது ஐந்தில் நாலு பேருக்கும் மேல், பத்தோ அதற்கு மேலோ என்று வாசித்தார்கள். பத்துதான் என்று வாசித்தவர்கள் ஏழே பேர், அந்த ஏழு பேரும் மருத்துவத் துறையில் வேலை செய்பவர்கள். வெளியாட்களில் ஒருவர்கூட அப்படி வாசிக்கவில்லை. அவ்வளவுதான். அதன் கீழே, அந்தக் குறிப்பை எழுதியவள் நான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஒன்றும் தியாகி இல்லை. நேற்று அந்தச் சின்னப் பெண் என்னிடம், "இனிமே நீங்களே ஊசி போடுவீங்கல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஐந்து முறை பரீட்சை எழுதி வாங்கியது, கையில் வந்து நிற்கிறது. சரி என்று உனக்கு எழுதிய கடிதம் ஒன்று இரண்டு நாள் என் பையிலேயே இருந்தது. தபாலில் போடப் போனேன். போடமுடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். பாதிக்குப் பாதி என்று நீ படம் போட்டால் குழு என்னை விட்டுவிடும். ஆனால் அந்தப் படத்தை நீயும் பார்ப்பாய். முப்பத்துமூன்று பேர் சரியாக வாசித்தார்களே, எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று சாகிற வரைக்கும் உன்னையே கேட்டுக்கொண்டிருப்பாய். அந்த முப்பத்துமூன்றில் பாதிக்குமேல் நீயே போய்ப் பொறுக்கியது என்பது அப்போது உனக்கு ஞாபகத்துக்கு வராது. குற்ற உணர்ச்சிக்கு எப்போது நியாயம் தெரிந்தது?

குழு என்ன வேண்டுமானாலும் முடிவு செய்யட்டும். குறிப்பு தெளிவாக இருந்ததா என்று கேட்டால் இல்லை என்பதுதான் பதில். நர்ஸாக இருந்தாலும் அதுதான் பதில், நர்ஸாக இல்லாவிட்டாலும் அதுதான் பதில்.

பாப்பாவுக்கு அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் மருந்தை நீயே அளந்து கொடு. உன் கையில் தப்பு ஒன்றும் இல்லை. என் சீட்டை முன்னே பின்னே தெரியாத நாற்பது பேரிடம் நீதான் காட்டினாய். அவர்களில் முப்பத்துமூன்று பேர் அன்றைக்கு அந்த ஃபிரிட்ஜ் கதவுக்கு முன்னால் நின்றிருந்தால், நீ வாசித்தமாதிரியேதான் வாசித்திருப்பார்கள். நீ முப்பத்துநான்காவது ஆள், தம்பி.

அக்கா